பின்னம், பிராக்ஷன், பெச்சாஹான்: தேயிலை மலைப் பிள்ளைகளின் முதலாம் படிவம்



ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியை விட்டுப் புறப்படும் நாள்கள் நெருங்கும்போது, ஆண்டு தவறாமல் என்னிடம் வந்து சேரும் கேள்வி ஒன்று உண்டு. கேமரன் மலையில் கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர் அதை இப்படிக் கேட்டார்:

"ஐயா, பையன் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போறான். ஒன்னாம் பாரத்துல என்னதான் சொல்லிக் கொடுப்பாங்க? நான் ரிமூவ்ல ஒரு வருசம் இருந்துட்டு நின்னுட்டவ. எனக்கு அது தெரியாமலே போச்சு."

மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு, புவியியல் என்று பாடங்களின் பெயர்களை அடுக்கி அவருக்கு விடை கூறி அனுப்பினேன். வீடு திரும்பிய பிறகு, கூறியது பாதி விடையே என்று தோன்றிற்று. அவருடைய கேள்வியில் அவரது வரலாறும் அடங்கியிருந்தது. 'ரிமூவ்' என்று நாம் வழக்கில் கூறும் புகுமுக வகுப்பு அவருக்குப் பெரிய பள்ளியின் முதல் ஆண்டாகவும் கடைசி ஆண்டாகவும் அமைந்துவிட்டது. முதலாம் படிவத்தின் வாசல்வரை சென்றவர் உள்ளே நுழையவில்லை. எதைப் படிக்காமல் விட்டோம் என்று இருபது ஆண்டுகளுக்குப் பின் தம் மகனை முன்னிட்டுக் கேட்கிறார்.

அந்த மீதிப் பாதி விடையைத் தேடியதில் விளைந்ததே இக்கட்டுரை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு எப்போது கிடைத்தது, அதில் எதைப் படித்தார்கள், எந்த மொழியில் படித்தார்கள் என்பவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. பாடங்கள் அவ்வளவாக மாறவில்லை. மாறியது பாடத்தின் மொழி. அந்தந்தத் தலைமுறைப் பிள்ளை, தான் ஏற்கெனவே அறிந்திருந்த பின்னக் கணக்கை வேறொரு பெயரில் மீண்டும் முதலிலிருந்து கற்கத் தொடங்கியது.

ஏழாம் ஆண்டு இல்லாத காலம்

கேமரன் மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இம்மலைப் பகுதிக்கு வந்தது 1885ஆம் ஆண்டில். அதன் பின் நாற்பது ஆண்டுகள் மலை பெரும்பாலும் காடாகவே கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே இதனை மலைவாசத் தலமாகவும் வேளாண்மை நிலமாகவும் வளர்க்கும் எண்ணம் வலுப்பெற்றது. 1929இல் ஜே.ஏ. ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை 1931இல் தானா ராத்தாவை எட்டியது. செங்குத்தான சரிவுகளில் காடழித்து நாற்று நட்டவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். பெரட்டுக் களமும் லயத்து வீடுகளும் ஆயாக் கொட்டகையும் மலைமீது தோன்றின. அவற்றை ஒட்டித் தோட்டப் பள்ளிகளும் தோன்றின.

தோட்ட முதலாளிகள் கல்வியின்மேல் கொண்ட பற்றினால் இப்பள்ளிகள் எழுந்தன என்று எண்ண வேண்டா. மலாய் ஐக்கிய மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் ஒரே இனத்தைச் சேர்ந்த 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அங்குப் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. பகாங் அம்மாநிலங்களுள் ஒன்றாதலால் இச்சட்டம் மலைக்கும் ஏறி வந்தது. பள்ளி வேண்டும் என்ற சட்டம், அப்பள்ளி எங்கே கொண்டுபோய்விட வேண்டும் என்பதைப் பற்றிக் கவலை கொள்ளவில்லை. அந்நாளைய தோட்டப் பள்ளிகளில் எழுத்தும் வாசிப்பும் கணக்கும் கற்பித்தார்கள். பாடநூல்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்தவை. பல தோட்டங்களில் நான்காம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்கு மேல் வகுப்பு இல்லை. வயல் நாற்பது அடி தொலைவில் என்பார்களே, இங்கே தேயிலைச் செடி நான்கு அடி தொலைவிலேயே நின்றது.

அதே மலையில், அதே காலத்தில் வேறு பள்ளிகளும் இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் தங்ளின் பள்ளியை நடத்திவந்த ஆன் கிரிஃபித் ஜோன்ஸ் அம்மையார், 1934இல் கேமரன் மலையில் ஐரோப்பியக் குழந்தைகளுக்கென விடுதிப்பள்ளி ஒன்றைத் திறந்தார். போருக்குப் பின் 1950களில் பிரித்தானியப் படையினரின் பிள்ளைகளுக்காக ஸ்லிம் பள்ளி என்னும் விடுதிப்பள்ளி இங்கே இயங்கியது. குளிர்ந்த காற்று படிப்புக்கு உகந்தது என்று கருதி, தொலைவிலிருந்த பிள்ளைகளை மலைக்கு ஏற்றி வந்தார்கள். மலையிலேயே பிறந்த பிள்ளைகள் அந்தக் காற்றை மூச்சிழுத்துக்கொண்டே பன்னிரண்டாம் வயதில் கூடை சுமந்தார்கள்.

பிராக்ஷன் காலம்

விடுதலையை ஒட்டி வந்த 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் அதன் வழிவந்த 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளிகளை நாட்டின் கல்வி அமைப்புக்குள் கொண்டு வந்தன. எம்மொழிப் பள்ளியாயினும் பொதுவான பாடத்திட்டம் என்ற கருத்து அப்போது வேரூன்றிற்று. 1960ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் அறிக்கையும் 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் அதனை இறுக்கின. தமிழ்ப்பள்ளி தொடக்கப்பள்ளி அளவிலேயே நிற்கும், அதற்கு மேல் அரசின் முழு உதவி பெறும் இடைநிலைக் கல்வி ஆங்கிலத்திலோ மலாயிலோ தான் என்பது உறுதியாயிற்று. தமிழில் இடைநிலைப்பள்ளி என்ற எண்ணத்துக்கு இந்நாட்டில் இடமில்லாமல் போனது இக்காலத்தில்தான். நம்மில் பலர் இதனைச் சீன இடைநிலைப்பள்ளிகளின் கதையாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம்.

1964 வரை ஆறாம் வகுப்பின் முடிவில் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு இருந்தது. அதில் தவறிய பிள்ளைக்குக் கதவு மூடியது. 1965இல் அத்தேர்வு நீக்கப்பட்டு, மூன்றாம் படிவம் வரை அனைவரும் தொடர்ந்து படிக்கும் முறை வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வி வரலாற்றில் இந்த ஆண்டை நான் பெரிதாக மதிக்கிறேன். பெரட்டுக்குப் போவதா, பள்ளிக்குப் போவதா என்ற கேள்வியைப் பன்னிரண்டு வயதுக் குழந்தையிடமிருந்து சட்டப்படி அப்புறப்படுத்திய ஆண்டு அது. வறுமை அக்கேள்வியை வேறு வழியில் திரும்பக் கொண்டு வந்தது என்பது வேறு செய்தி.

கதவு திறந்தது. உள்ளே செல்லுமுன் ஓர் இடைகழி இருந்தது. அதுவே புகுமுக வகுப்பு. தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகள், தங்கள் தாய்மொழி அல்லாத பயிற்றுமொழிக்குப் பழகுவதற்காக ஓராண்டு அங்கே அமர வேண்டும். அது ஆறாம் ஆண்டும் அன்று, முதலாம் படிவமும் அன்று. எண்ணே இல்லாத ஆண்டு! ஆங்கிலப் பள்ளிக்குச் சென்ற பிள்ளைக்கு அந்த ஆண்டு முழுவதும் ஆங்கிலமே பாடம். பின்னம் 'பிராக்ஷன்' ஆனது, தசமம் 'டெசிமல்' ஆனது, முக்கோணம் 'டிரையாங்கிள்' ஆனது.

இடைகழியைக் கடந்து முதலாம் படிவத்துக்குள் சென்றவர்கள் அங்கே என்ன படித்தார்கள்? மொழிகள், கணிதம், அறிவியல், வரலாறு, புவியியல் ஆகியவற்றோடு 1965இன் மாற்றத்தால் கைத்தொழில், வேளாண் அறிவியல், வணிகம், மனையியல் ஆகியவை தொழில்சார் பாடங்களாகச் சேர்ந்தன. 1969இல் 'ஒருங்கிணைந்த அறிவியல்' வந்தது. ஸ்காட்லாந்தின் பாடத்திட்டத்தைத் தழுவியது அது. 1970களில் வந்த 'நவீனக் கணிதம்' என்பதும் அந்நாட்டு நூல்களை ஒட்டியதே. தோட்டத் துரைமார்களில் ஸ்காட்லாந்துக்காரர் பலர் இருந்தனர் என்பது நாம் அறிந்தது. துரை போன பிறகு அவருடைய ஊர்ப் பாடநூல் வந்தது என்று என் மூத்த ஆசிரிய நண்பர் ஒருவர் வேடிக்கையாகக் கூறுவார்.

பெச்சாஹான் காலம்

1969இல் அப்போதைய கல்வி அமைச்சர் அப்துல் ரஹ்மான் யாக்கோப், ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிக்கு மாறும் என்று அறிவித்தார். 1970இல் முதலாம் வகுப்பில் தொடங்கிய மாற்றம், ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 1976இல் முதலாம் படிவத்தை அடைந்தது. அவ்வாண்டு முதல் பின்னத்தின் பெயர் 'பெச்சாஹான்.' தசமம் 'பெர்புலுஹான்', முக்கோணம் 'செகி தீகா', கொள்ளளவு 'ஈசி பாடு', வெப்பம் 'ஹாபா.'

இம்மாற்றத்தை நான் குறை கூறவில்லை. சுதந்திர நாடு தன் தேசிய மொழியில் கல்வி வழங்குவது முறையே. ஆங்கிலத்தைவிட மலாய்மொழி தோட்டத்துப் பிள்ளைக்குக் காதில் விழுந்து பழகிய மொழியுங்கூட. ஆயினும் குடும்பங்களில் நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். அண்ணன் 'பிராக்ஷன்' படித்தவர், தம்பி 'பெச்சாஹான்' படிக்கிறான். வீட்டில் முதன்முதலாக இடைநிலைப்பள்ளி சென்று வந்த ஒரே ஆள், இரண்டாவதாகச் செல்பவனுக்கு உதவ இயலாமற் போனார். நகரத்தில் இதற்குத் தனிவகுப்பு உண்டு. தேயிலைத் தோட்டத்தில் அண்ணனை விட்டால் வேறு ஆசிரியர் யார்?

என் சொந்த அனுபவத்தை இங்குக் கூற வேண்டும். 1993இல் நான் புகுமுக வகுப்பில் இருந்தேன். தமிழிலும் கணிதத்திலும் நல்ல புள்ளிகள். யு.பி.எஸ்.ஆர். தேர்வின் மலாய்மொழிக் கட்டுரைத் தாளில் தேர்ச்சியில்லை. அக்காலத்தில் மலாய்மொழியில் தேர்ச்சி பெற்றவர் நேராக முதலாம் படிவம் செல்லலாம், பெறாதவர் புகுமுக வகுப்புக்குச் செல்ல வேண்டும். என்னோடு ஆறாண்டுகள் ஒரே பலகையில் அமர்ந்தவர்கள் மாடி வகுப்பறைக்குச் சென்றார்கள். நாங்கள் கீழே, மூலையில். பாட வேளைகளில் பெரும்பகுதி மலாய்மொழி. மற்றவை கொஞ்சம் கொஞ்சம்.

ஒரு நாள் கணிதச் சோதனை. 45க்கும் 18க்கும் உள்ள 'பேசா' என்ன என்று கேட்டிருந்தார்கள். 'பேசா' என்றால் வேறுபாடு என்று எனக்குத் தெரியும். எனவே, 45 பெரிய எண், 18 சிறிய எண், 45 ஒற்றைப்படை, 18 இரட்டைப்படை என்று எனக்குத் தெரிந்த மலாயில் நான்கு வரி எழுதி வைத்தேன். கணக்கில் அச்சொல்லுக்குக் கழித்து வரும் விடை என்று பொருள் என்பது எனக்குத் தெரியாது. ஆசிரியர் அதனை வகுப்பில் உரக்கப் படித்தார். எல்லாரும் சிரித்தார்கள். 27 என்ற விடையை நான் மூன்றாம் ஆண்டிலேயே மனக்கணக்காகச் சொல்லக்கூடியவன் என்பதை அவர் அறிய வழியில்லை. எனக்கோ சொல்ல மொழியில்லை.

இந்நிகழ்ச்சியை நான் வருத்தமாக எழுதவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் கற்ற எத்தனையோ கோட்பாடுகளைவிட இந்த 'பேசா' என் வகுப்பறையில் எனக்குப் பயன்பட்டிருக்கிறது. தோட்டத்துப் பிள்ளை முதலாம் படிவத்தில் தடுக்கி விழும் இடம் எதுவென்று அது எனக்குக் காட்டியது. கணிதம் தெரியாததனால் விழுவோர் சிலர். கேள்வி புரியாததனால் விழுவோர் பலர். மதிப்பெண் பட்டியலில் இரு சாராருக்கும் ஒரே சிவப்பு மைதான்.

புகுமுக வகுப்பு தண்டனையா, பாலமா என்று ஆசிரியர்கள் நெடுங்காலமாக விவாதித்து வருகின்றனர். என் கருத்தில் அது பாலந்தான், ஆனால் செப்பனிடப்படாத பாலம். மொழி மட்டும் தனித்துக் கற்பிக்கப்பட்டது. கணிதத்தின் மொழி, அறிவியலின் மொழி என்று தனியாக உண்டு என்பதை அங்கே எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வயதும் ஒரு சிக்கலாயிற்று. புகுமுக வகுப்பின் வழி சென்றவர் முதலாம் படிவத்தில் 14 வயது, ஐந்தாம் படிவத்தில் 18 வயது. பின்னால் வந்தவர்கள் முன்னால் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பதின்ம வயதுப் பிள்ளைக்குத் தோட்டத்தில் மாதச் சம்பளம் என்பது பெரிய இழுப்பு. மேலே குறிப்பிட்ட தாய் ஓராண்டில் நின்றுவிட்டதற்கும் இதுவே காரணமாக இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

பாடநூலுக்குள் மலை

1989இல் முதலாம் படிவத்தில் இடைநிலைப்பள்ளி ஒருங்கிணைந்த கலைத்திட்டம் தொடங்கியது. நான் படித்ததும், இன்றைய பெற்றோரில் மிகப் பலர் படித்ததும் அதுவே. பழைய தொழில்சார் பாடங்கள் ஒன்றிணைந்து 'வாழ்வியல் திறன்' ஆயிற்று. முஸ்லிம் அல்லாத மாணவர்க்கு நன்னெறிக் கல்வி. கணிதத்தில் முழு எண்கள், பின்னம், தசமம், விழுக்காடு, கோணம், பரப்பளவு. உண்மையில் இவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை தமிழ்ப்பள்ளியிலேயே அறிமுகமானவை. அறிவியலில் உயிரணு, பருப்பொருள், காற்று, வெப்பம், ஆற்றல் மூலங்கள்.

வெப்பத்தைப் பற்றி ஒரு சொல். தேயிலை ஆலையில் பணிபுரியும் தந்தை, கொழுந்தை வாட்டுவதற்குக் காற்று எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், ஈரம் மிகுந்த நாளில் வாட்டுவதற்கு ஏன் நேரம் கூடுகிறது, உருட்டிய இலை காற்றுப் பட்டதும் ஏன் செம்பு நிறமாகிறது, உலர்த்தும் பொறியில் ஏற்றியதும் அம்மாற்றம் ஏன் நின்றுவிடுகிறது என்பவற்றையெல்லாம் கைப்பழக்கத்தால் அறிந்தவர். முதலாம் படிவத்தின் காற்று, வெப்பம் ஆகிய பாடங்கள் அவர் வேலை செய்யும் கட்டடத்துக்குள்ளேயே நடக்கின்றன. அவரோ மகனின் அறிவியல் நூலைத் திறந்து பார்க்க அஞ்சுகிறார். நூலின் மொழி அவரை அச்சுறுத்துகிறது, பொருள் அன்று.

புவியியலும் அப்படியே. தித்திவங்சா மலைத்தொடர் நாட்டின் முதுகெலும்பு என்று பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். தாங்கள் அம்முதுகெலும்பின் மீது அமர்ந்துதான் படிக்கிறார்கள் என்பது பலருக்கு உறைப்பதில்லை. பெர்த்தாம் ஆறும் தெலோம் ஆறும் இம்மலையில் பிறந்து ஜெலாய் ஆற்றோடு சேரும் இயல்புடையவை. ஜெலாயும் தெம்பெலிங்கும் கூடிப் பகாங் ஆறாகி நெடுந்தொலைவு ஓடித் தென்சீனக் கடலில் கலக்கின்றன. 1963இல் செயற்படத் தொடங்கிய நீர்மின் திட்டத்தின் கீழ் ரிங்லெட்டில் அணை கட்டி, கடலை நோக்கிக் கிழக்கே ஓட வேண்டிய நீரைச் சுரங்கத்தின் வழியாக மேற்கே பேராக் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். இதைவிடச் சிறந்த புவியியல் பாடம் எங்கே கிடைக்கும்? பள்ளிப் பேருந்து அணையைக் கடந்துதான் போகிறது.

வரலாற்றுப் பாடத்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நான் படித்த முதலாம் படிவ வரலாறு வரலாற்றுக்கு முற்பட்ட காலம், தொடக்ககால அரசுகள், மலாக்கா மலாய் சுல்தானகம் என்று சென்றது. பழைய கெடா வந்தது. 1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை அக்கடாரத்தைத் தாக்கியது என்பதை எங்கள் தமிழாசிரியர் கூறக் கேட்டதால் எனக்கு அந்தப் பாடம் இனித்தது. தோட்டம் போட்டு, சஞ்சிக்கூலியாகவும் கங்காணி வழியாகவும் ஆள் கொண்டுவந்த கதை மட்டும் முதலாம் படிவத்தில் இல்லை. அது பின்னைய படிவங்களுக்கு உரியது. புகுமுக வகுப்போடும் முதலாம் படிவத்தோடும் நின்றுவிட்ட பிள்ளைகள், தங்கள் பாட்டனார் கப்பலேறி வந்த வரலாற்றைப் பள்ளியில் படிக்காமலேயே வெளியேறினார்கள். வரிசைமுறை வகுத்தவர்கள் இதைக் கருதிச் செய்தார்கள் என்று நான் கூறவில்லை. காலவரிசை என்றால் அப்படித்தான் வரும். ஆனால் யார் எந்த ஆண்டோடு நிற்கிறார்கள் என்பதையும் யாராவது பார்த்திருக்க வேண்டும்.

மீண்டும் மாறிய மொழி

2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்ற திட்டம் வந்தது. முதலாம் ஆண்டு, முதலாம் படிவம், கீழ்நிலை ஆறாம் படிவம் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். இதில் யாருக்கு அடி விழுந்தது என்பதை அன்றே தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் உணர்ந்தோம். 2002இல் ஆறாம் ஆண்டில் தமிழில் பின்னம் படித்த பிள்ளை, 2003இல் முதலாம் படிவத்தில் மீண்டும் 'பிராக்ஷன்' படித்தது. இடையில் ஒரு விடுமுறை மட்டுமே. அது புகுமுக வகுப்பில் மலாய்மொழியைப் பழகிக்கொண்டு வந்த பிள்ளையாக இருந்தால் இன்னும் வேடிக்கை: 'பெச்சாஹா'னுக்கு ஓராண்டு ஆயத்தம் செய்து, 'பிராக்ஷ'னுக்குள் நுழைந்தது! 1975க்கு முன் படித்த தாத்தாக்கள் பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த விந்தையையும் நான் கண்டேன். நடுவிலிருந்த அப்பா அம்மா வேடிக்கை பார்த்தார்கள்.

2009இல் அரசாங்கம் இத்திட்டத்தைக் கைவிட முடிவு செய்து, 2012 முதல் படிப்படியாக மாற்றியது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்து, விரும்பிய சில பள்ளிகளில் ஆங்கிலம் மீண்டும் நுழைந்தது. பள்ளிக்குப் பள்ளி நிலை வேறுபடுவதால், பிள்ளை செல்லவிருக்கும் பள்ளியில் கணிதம், அறிவியல் எம்மொழியில் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். பலர் சீருடை விலையைக் கேட்கும் அளவுக்கு இதைக் கேட்பதில்லை.

2017இல் முதலாம் படிவத்துக்குத் தர அடிப்படையிலான கலைத்திட்டம் வந்தது. முன்பு இரண்டாம் படிவத்தில் இருந்த பைதாகரஸ் தேற்றம் முதலாம் படிவத்துக்கு இறங்கி வந்தது. நான்காம் படிவத்தில் நான் படித்த கணம் என்னும் பகுதியின் அறிமுகமும் இப்போது அங்கேதான். வாழ்வியல் திறனுக்குப் பதிலாக வடிவமைப்பும் தொழில்நுட்பமும், சில பள்ளிகளில் அடிப்படைக் கணினி அறிவியல். வரலாறு உலகளாவியதாயிற்று: மெசபத்தோமியா, பண்டைய எகிப்து, சிந்துவெளி, ஹுவாங்ஹோ ஆகிய நாகரிகங்களும் கிரேக்கம், ரோம், இந்தியா, சீனம், இசுலாமிய நாகரிகம் ஆகியவையும் முதலாம் படிவப் பிள்ளையின் மேசைக்கு வந்தன. இது எனக்கு மகிழ்ச்சியே. தோட்டம் இப்போதும் அங்கே இல்லை.

இதற்கிடையில் தேர்வுகள் மறைந்தன. 2021இல் யு.பி.எஸ்.ஆர். நீக்கப்பட்டது. 2014இல் பி.எம்.ஆர். தேர்வுக்கு மாற்றாக வந்த பி.டி.3யும் 2022இல் நீக்கப்பட்டது. தேர்வு போனதில் எனக்கு வருத்தமில்லை. எனினும், பிள்ளைக்கு மலாய்மொழியில் கேள்வி புரிகிறதா இல்லையா என்பதை முன்பு ஒரு தாளாவது பெற்றோர்க்குக் காட்டியது. இப்போது அதனை வகுப்பாசிரியர் மட்டுமே அறிவார். அவர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

இதனால் நான் ஆறாம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஒரு பழக்கத்தை வைத்திருக்கிறேன். பிள்ளைகளிடம் ஒரு குறிப்பேடு. பக்கத்துக்கு மூன்று பத்தி. பின்னம், பெச்சாஹான், பிராக்ஷன். கொள்ளளவு, ஈசி பாடு, வால்யூம். பெருக்குத்தொகை, ஹாசில் டாராப், புரோடக்ட். ஒரு நாளைக்கு ஐந்து சொல். முதல் பத்தியைப் பிள்ளை நிரப்பும், இரண்டாவதை நாங்கள் சேர்ந்து நிரப்புவோம், மூன்றாவதை வீட்டில் யாரையாவது கேட்டு வர வேண்டும். 'பேசா' என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குவேன். ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கதையைச் சொன்னால் சிரிப்பார்கள்.

பதினைந்து கையொப்பங்கள்

அந்தத் தாயிடம் நான் சொல்ல மறந்த பாடம் தமிழ். 'மாணவர் சொந்த மொழி' என்ற பெயரில், பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் அரசு இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க வழி செய்ய வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலும் அது நீடிக்கிறது. கேட்டால்தான் உண்டு என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளியில் தமிழ் தானாக இருந்தது. பெரிய பள்ளியில் அது தானாக வராது.

முதலாம் படிவத் தமிழ் கடினமானதன்று. கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து, செய்யுள், மொழியணி, இலக்கணம் எனத் தமிழ்ப்பள்ளியின் தொடர்ச்சியாகவே அமைந்தது. திருக்குறளும் பழமொழியும் இணைமொழியும் மரபுத்தொடரும் அங்கும் வரும். ஆறாண்டு கற்ற பிள்ளைக்கு அவ்வகுப்பு, கேள்வி புரியாத ஒரு நாளின் நடுவே எல்லாம் புரியும் ஓரிடம். சோதனைத்தாளில் நான்கு வரி எழுதிச் சிரிப்புக்கு ஆளான அன்று மாலை எனக்குத் தமிழ் வகுப்பு இருந்தது. அங்கே நான் வாய் திறந்தேன். அவ்வளவே நினைவிருக்கிறது.

மலையில் இதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் மொழிவெறுப்போ பள்ளியின் எதிர்ப்போ அன்று, போக்குவரத்து. போ தோட்டத்தின் இரு பள்ளிகள், புளூ வேலி, ஷூம் யிப் லியோங், ரிங்லெட், தானா ராத்தா என்று மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கும் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் தானா ராத்தா, ரிங்லெட், கம்போங் ராஜா ஆகிய இடங்களின் இடைநிலைப்பள்ளிகளுக்குச் செல்கிறார்கள். தமிழ் வகுப்பு வழக்கமான பாட நேரத்துக்குப் பின் வைக்கப்பட்டால், தோட்டத்துக்குள் செல்லும் வண்டி அதற்குள் போய்விடும். மழையும் மூடுபனியும் உள்ள மாலையில், வளைந்து வளைந்து செல்லும் தோட்டச் சாலையில் நடந்து வா என்று எந்தத் தாய் சொல்வாள்? தோட்டங்களில் இன்று கொழுந்து வெட்டுபவர்களில் மிகப் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தமிழ்க் குடும்பங்கள் குறைந்துவிட்டதால் பதினைந்து என்ற எண்ணே சில ஆண்டுகளில் எட்டாத உயரமாகிறது.

ஆகவே, விண்ணப்பத்தைப் பள்ளி திறந்த பிறகு எழுதினால் காலம் கடந்துவிடும். பதிவு நாளன்றே பள்ளி முதல்வர் பெயருக்கு எழுதிக் கொடுங்கள். பிள்ளையின் பெயர், முன்பு பயின்ற தமிழ்ப்பள்ளி, தமிழ்மொழி கற்க விரும்புகிறோம் என்ற ஒரு வரி, பெற்றோர் கையொப்பம், இவை போதும். வெவ்வேறு தோட்டத்துப் பெற்றோர் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுப்பது நல்லது. வகுப்பை எந்த நாளில் வைத்தால் வண்டி கிடைக்கும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பாட அட்டவணை போடுபவருக்கு உங்கள் வண்டியின் நேரம் தெரியாது.

அந்தத் தாய்க்கு மறுநாள் இதையெல்லாம் சொன்னேன். கடிதத்தை நானே எழுதித் தரவா என்றதற்கு, "வேணாம் ஐயா, தாளை மட்டும் குடுங்க. தமிழ் எழுதத் தெரியும், மலாயும் ஒரு வருசம் படிச்சேனே" என்று வாங்கிக்கொண்டு போனார். இரு நாள் கழித்துப் பையன் கடிதத்தைக் கொண்டு வந்தான். மலாயில் ஆறே வரி. எழுத்துப் பிழை ஒன்று இருந்தது, திருத்தவில்லை. கீழே பதின்மூன்று கையொப்பங்கள். இன்னும் இரண்டு பேர் மேல் தோட்டத்தில் இருக்கிறார்களாம், ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கி வருவதாக அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.